கேமை முடித்துவிட்டு டீலக்ஸ் வாங்குங்கள்

பெரிய கேம் எது வந்தாலும் நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "டீலக்ஸே வாங்கிடலாமா, இல்ல சாதாரண எடிஷன் போதுமா?" டீலக்ஸ் என்றால் கூடுதல் காசுக்கு, சில கூடுதல் பொருட்களோடு விற்கப்படும் எடிஷன். பல வருடங்களாக என் பதில் மாறவில்லை. சாதாரண எடிஷனை வாங்கி விளையாடுங்கள். பிடித்திருந்தால் அந்தக் கூடுதல் பொருட்களை மட்டும் தரும் அப்கிரேடை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். அது எங்கேயும் ஓடிப்போகாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஆர்பிஜி கேமை (ஒரு பாத்திரமாக விளையாடி, கொஞ்சம் கொஞ்சமாக வலுவாகும் வகை) ஆசை ஆசையாக டீலக்ஸாகவே வாங்கினேன். தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் ஒரு கவசமும் வாளும் கைக்கு வந்துவிட்டன. அடுத்த பன்னிரண்டு மணி நேரம் வழியில் கிடைத்த எதுவும் அவற்றுக்கு ஈடாக இல்லை. குகைக்குள் இறங்கி, பாஸோடு, அதாவது அங்கிருக்கும் பெரிய எதிரியோடு, மல்லுக்கட்டி, ஏழெட்டு முறை செத்துப் பிழைத்து, கடைசியில் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது என்னிடம் ஏற்கெனவே இருப்பதைவிட மட்டமான வாள். துருப்பிடித்த கத்தியில் தொடங்கி ஒவ்வொரு படியாக மேலே ஏறுவதுதானே இந்த வகை கேமின் ருசி? அதைத்தான் அந்த டீலக்ஸ் பறித்துக்கொண்டது, அதுவும் என்னிடம் கூடுதல் காசு வாங்கிக்கொண்டு. பிறகு அவற்றைத் தொடாமல் முதலிலிருந்து விளையாடியபோதுதான் அந்த கேமே எனக்குப் பிடித்தது.

இந்தக் கவச வியாபாரம் புதிதல்ல. 2006 ஏப்ரலில் ஆப்லிவியன் கேமுக்கு இரண்டரை டாலருக்குக் குதிரைக் கவசம் விற்றார்கள். அன்று அதைக் கேலி செய்யாதவர்களே இல்லை. 2025 ஏப்ரலில் அதே கேமின் ரீமாஸ்டர் (மெருகேற்றிய புதுப் பதிப்பு) வந்தபோது டீலக்ஸ் அப்கிரேடின் விலை 10 டாலர், அதிலும் குதிரைக் கவசம் இருந்தது. ஆனால் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தக் கவசங்களைச் சும்மா கையில் திணிக்காமல், புதுக் குவெஸ்ட்டுகள் (கேமுக்குள் தரும் பணிகள்) வழியாகத் தேடிப் பெறும்படி வைத்திருக்கிறார்கள். கொடுப்பதென்றால் இப்படிக் கொடுக்கலாம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது 'முன்கூட்டியே விளையாடலாம்' என்ற விஷயத்தில்தான். ஸ்டார்ஃபீல்ட் 2023 செப்டம்பர் 6 அன்று வெளியானது. அதன் டீலக்ஸான பிரீமியம் எடிஷனை வாங்கியவர்களுக்கு 1ஆம் தேதியே திறந்தது. சாதாரணம் 70 டாலர், பிரீமியம் 100 டாலர். சரி, அந்த 30 டாலருக்கு வேறு என்ன கிடைத்தது? சில ஸ்கின்கள் (தோற்றத்தை மட்டும் மாற்றுபவை), ஆர்ட்புக், சவுண்ட்டிராக், அப்புறம் இனிமேல் வரப்போகும் எக்ஸ்பான்ஷன் (கூடுதல் கதைப் பகுதி) ஒன்று. அந்த ஷேட்டர்டு ஸ்பேஸ் வந்தது 2024 செப்டம்பர் 30 அன்று, ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து. தனியாக அதன் விலையும் அதே 30 டாலர்தான். காத்திருந்தவர்கள் விமர்சனங்களைப் படித்துவிட்டு, வேண்டுமா வேண்டாமா என்று யோசித்து முடிவு செய்தார்கள். முன்பே கொடுத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

2024 ஜனவரி கடைசியில், சூசைட் ஸ்குவாட் கேம் வெளியாவதற்குச் சில நாள் முன் நடந்தது இன்னும் மோசம். மூன்று நாள் முன்னதாக விளையாட டீலக்ஸ் வாங்கியவர்களில் சிலருக்கு, உள்ளே போனதுமே கேமை முடித்துவிட்டதாகக் காட்டியது. அதைச் சரிசெய்ய சர்வரையே பல மணி நேரம் நிறுத்தினார்கள். அதிகம் கொடுத்தவர்கள்தான் முதலில் அடிபடுகிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ரீஃபண்ட் கேட்கலாம். 2024 ஏப்ரலிலிருந்து இப்படி முன்கூட்டி விளையாடும் நேரமும் அந்த 2 மணி நேரக் கணக்கில் சேர்கிறது.

எல்லா எக்ஸ்பான்ஷன் பாஸும் (வரப்போகும் எக்ஸ்பான்ஷன்களுக்கு முன்பே காசு கட்டுவது) மோசம் என்று சொல்ல வரவில்லை. விட்சர் 3க்கு வந்த இரண்டு எக்ஸ்பான்ஷன்களும், அதிலும் 2016இல் வந்த பிளட் அண்ட் வைன், கொடுத்த காசுக்கு மேலேயே திருப்பிக் கொடுத்தன. ஆனால் அது வந்த பிறகுதானே தெரிந்தது?

சின்ன ஸ்டுடியோக்கள் விற்கும் சவுண்ட்டிராக், ஆர்ட்புக் தொகுப்புகளை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். கவசம் கேமின் சமநிலையைக் குலைக்கும், இசையும் ஓவியமும் எதையும் குலைக்காது. வாங்கும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: பாட்டுகள் தனிக் கோப்புகளாகக் கிடைக்கின்றனவா, இல்லை ஒரு செயலிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்களா? பூட்டி வைத்திருந்தால் நான் வாங்குவதில்லை.

பால்டர்ஸ் கேட் 3 முடித்த இரவு, கடைசியில் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே 10 டாலர் அப்கிரேடை வாங்கினேன். ஆர்ட்புக்கைப் புரட்டினால் நூறு மணி நேரத்துக்கும் மேல் என்னோடு கூடவே நடந்த முகங்கள். கேமைத் தொடங்கும் முன் வாங்கியிருந்தால் அவர்கள் யாரென்றே எனக்குத் தெரிந்திருக்காது, கதையும் பாதி கசிந்திருக்கும். அதன் இசையை இப்போதும் இரவில் வேலை செய்யும்போது கேட்கிறேன். முகாமில் எல்லோரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த நேரம் நினைவுக்கு வருகிறது.