ஃபோனை நிறுத்தினால் மட்டும் போதாது

தம்பி, ஃபோனின் பழுதான கமராவை மாற்ற, ஃபோனை ஓஃப் பண்ணிவிட்டு இரும்பு ட்வீசரால் கமராவை நெம்பி எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. ஓஃப் பண்ணினாலும் பற்றரி ஃபோனின் மெயின் போர்டோடு இணைந்துதான் இருக்கும். அந்த நிலையில் இரும்பு பட்டால் ஷோர்ட் ஆகி, கமராவோடு போர்டும் போய்விடும். சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, திறந்ததும் முதலில் பற்றரி கனெக்டரைக் கழற்றுங்கள். அப்புறம் கமரா கனெக்டரை பிளாஸ்டிக் குச்சியால் நேர் மேலே தூக்குங்கள். ரிப்பன் போன்ற அந்தத் தட்டை வயரைப் பிடித்து இழுக்கவே வேண்டாம்.

நடுக்கம் தடுக்கும் கமராக்களுக்குள் சின்னக் காந்தங்கள் இருக்கின்றன, இரும்புக் கருவி அவற்றில் போய் ஒட்டும். ஊர் வீதிகளில் மோட்டார்சைக்கிள் ஹேண்டிலில் ஃபோனை மாட்டி ஓடுபவர்களுக்குப் பழுதாவதும் பெரும்பாலும் இந்த நடுக்கம் தடுக்கும் பகுதிதான். அதிர்வு கூடாது என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. அதைத் திறந்து சரிசெய்ய முடியாது, முழு கமராவையும் மாற்றத்தான் வேண்டும்.

கமராவுக்கு மேலே இருக்கும் வெளிக் கண்ணாடி மட்டும் வெடித்திருந்தால் கமராவை மாற்றவே தேவையில்லை. யாழ்ப்பாண பஸ் நிலையத்தடிக் கடைகளில் கேட்கும்போது "கண்ணாடி மட்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெடித்ததை அப்படியே விடாதீர்கள், தூசி உள்ளே போய்விடும்.