கண்ணே கலைமானே: ஹீரோயின் ஊமை இல்லைங்க

கண்ணே கலைமானே பாட்டு வாய் பேச முடியாத காதலிக்குப் பாடுறது, அதான் "ஊமை என்றால்"னு வருதுன்னு மேல போட்டிருக்கீங்களே, தப்புங்க. இந்தப் பாட்டு வர்ற மூன்றாம் பிறை படத்துல ஹீரோயின் ஸ்ரீதேவி வாய் ஓயாம பேசுவாங்க, நாய்க்குட்டிக்கு சுப்பிரமணின்னு பேரு வச்சு கொஞ்சுவாங்களே மறந்துட்டீங்களா. ஆக்சிடென்ட்ல நினைவு போயி மனசளவுல சின்னக் குழந்தையா ஆயிட்டவங்க, அந்தக் குழந்தையத் தூங்க வைக்க கமல் பாடுற தாலாட்டுதான் இது. அந்த வரிய முழுசா கேளுங்க, ஊமையா, ஏழையா இருந்தாக்கூட அதுல ஒரு அமைதி இருக்கு, ஆனா கிளி மாதிரி, குயில் மாதிரி இருக்கற உன்னைப் போய் விதி இப்படிப் பண்ணிடுச்சேன்னுதான் வருது, அதாவது நீங்க சொல்றதுக்கு நேர் எதிர். காதல் அதுல இல்லவே இல்லைன்னு சொல்லல, அவருக்கு மட்டும் இருக்கு, பாவம் மனுஷன். இந்தப் பாட்டை எழுதின கண்ணதாசன் 1981லயே இறந்துட்டாரு, படம் வந்தது 1982ல.