சும்மா கிடைச்ச றோட்டாம்

ஞாயிற்றுக்கிழமை கிரவல் றோட்டுத் திறப்புவிழாப் படம் எல்லாரும் பாத்திருப்பியள். கீழ ஒருத்தர் கேக்கிறார்: "சும்மா கிடைச்ச றோட்டுக்கும் குறை சொல்லுறியள், நீங்கள் வரி கட்டுறனீங்களோ?"

சும்மாவோ? 2024 தை முதலாம் திகதியில இருந்து வற் வரி 18 வீதம். 1,180 ரூபா பில்லில 180 ரூபா அதுதான். லாண்ட்மாஸ்டருக்கு அடிக்கிற டீசலிலயும் கிடக்கு, போன் ரீலோட்டிலயும் கிடக்கு. சம்பளத்தில வெட்டினால்தான் வரியோ?

கணக்கைப் பாருங்கோ. 500 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், இறுகின பிறகு 15 சென்ரிமீற்றர் தடிப்பு எண்டால் கிட்டத்தட்ட 80 கியூப் (ஒரு கியூப் எண்டால் 100 கன அடி). ரிப்பரில வாறது இளகின கிரவல், உருளை ஓட ஐஞ்சில ஒண்டு அமரும். அப்ப 100 கியூப் இறங்க வேணும். 3 கியூப் ரிப்பருக்கு 33, 34 லோட். எத்தனை வந்தது எண்டு அந்த ஒழுங்கைச் சனத்திட்டக் கேளுங்கோ.

லோட் சரியா வந்தாலும் கார்த்திகையில போட்டால் நிக்காது. கிரவலைக் கையில பிடிச்சால் உருண்டையா நிக்கவேணும், கையில ஈரம் ஒட்டக்கூடாது. அதுதான் பதம். மாரியில அது சேறு. உருளை ஓட ஓடப் பிதுங்கும், பிறகு நெல்லு மூட்டையோட ஒரு ட்ரக்டர் போனாலே ரெண்டு வாய்க்கால். நடு 6, 7 சென்ரிமீற்றர் உயர்ந்து ரெண்டு பக்கமும் சரிய வேணும், கரையில கான் வெட்ட வேணும். படத்தில கான் தெரியுதோ? பெயர்ப்பலகையின்ர ரெண்டு காலுக்கும் மட்டும் வடிவா கொங்கிறீற் போட்டிருக்கு.

ஏன் மழைக்குள்ள? வருசம் தையில தொடங்குது. காசு இறங்கி, மதிப்பீடு, கேள்விகோரல், ஒப்பந்தம் எண்டு இழுபட ஐப்பசி வந்திடும். மார்கழி 31க்குள்ள முடிக்காட்டி காசு திறைசேரிக்குத் திரும்பிடும். அதால மழைக்குள்ள கொட்டுறது. வீடு, சைக்கிள், சங்கு, திசைகாட்டி எண்டு எந்தக் கட்சிச் சின்னத்தில ஆர் வந்தாலும் வைகாசியில வேலை தொடங்குவிக்க ஒருத்தருக்கும் ஏலேல்லை. மழையில்லாத சோளகக் காத்துக் காலத்தில ஒரு பவுசர் தண்ணியோட முடியிற வேலை!

"உரிமைப் பிரச்சினை தீராமல் கிரவலோ" எண்டு தொடங்குவினம். 2018 ஐப்பசியோட வடமாகாண சபை முடிஞ்சது, இவ்வளவு வருசமாத் தேர்தல் இல்லை. அதுக்குக் கத்துங்கோ, நானும் வாறன். ஆனால் மழைக்கு இடம்பெயர்ந்த சனம் போறதும் இந்தச் சேத்துக்குள்ளாலதான். "புது அரசாங்கம், நேரம் குடுங்கோ" எண்டுறவைக்கு என்ன சொல்ல? மழை நேரம் குடுக்காது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில, என்ன வேலை எவ்வளவு எண்டு எழுதியிருக்கிற அளவுப் பட்டியலைக் கேளுங்கோ. 14 வேலைநாளுக்குள்ள தாறமோ இல்லையோ எண்டு சொல்ல வேணும்.

"நீ எந்தக் கட்சி" எண்டு இன்பொக்ஸில வாறவை, முதல்ல லோட்டை எண்ணிப்போட்டு வாங்கோ.