வயசானா வில்லோட எடையை (அதாவது நாணை இழுக்கத் தேவைப்படற பலத்தை) குறைக்கக் கூடாதா?

"50 பவுண்டு வில்லை விட்டு 35-க்கு இறங்கினா அம்பு 20 மீட்டர் கூட ஒழுங்கா போகாது, தோள் வலிச்சாலும் இழுத்துட்டே இருந்தா தசை பழகிடும்"னு ஒரு மெசேஜ் சுத்திட்டு இருக்கு, ரெண்டுமே தப்பு.

இண்டோர் போட்டி தூரமே 18 மீட்டர்தான், 30 பவுண்டு வில்லு அதை தாராளமா எட்டும், அம்பு கொஞ்சம் மேல வளைஞ்சு போகும் அவ்வளவுதான். வில்லுல எழுதியிருக்கற எடை பொதுவா 28 இன்ச் இழுக்கும்போது உள்ளது. தோள் தாங்காம 26 இன்ச்லயே விட்டுட்டா உங்க 50 பவுண்டு ஏற்கனவே 45 பக்கம் வந்தாச்சு, அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவுல விடறதால குறியும் போச்சு. (வீம்புக்கு இழுக்கறவங்கள நிறைய பாத்தாச்சு.)

தோள் வலி பழக்கத்துல போறதில்ல, வயசானா அங்க இருக்கற தசைநார் தேய்ஞ்சிருக்கும், மேல மேல இழுத்தா கிழியவும் வாய்ப்பிருக்கு, வலி நிக்கலன்னா டாக்டரை பாருங்க.

ஒண்ணு மட்டும், எடை குறைச்சா பழைய விறைப்பான அம்பு ஒத்துவராது, பக்கவாட்டுல விலகும், இன்னும் வளையக்கூடிய அம்பா மாத்தணும். வேட்டைக்குன்னா சில நாடுகள்ல குறைந்தபட்ச எடைக்கு சட்டமே இருக்கு, அதையும் பாத்துக்கோங்க.