பி-யில இருந்து எடுப்பம்

போன மார்கழி, கரோல் ஒத்திகை. வாடைக்காற்று டச்சு விரிகுடாப் பக்கமிருந்து ஜன்னலால் வந்து தாள்களைப் புரட்டுகிறது. உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பைப் போட்டுத்தான் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்திருந்தோம். மாஸ்டர் "பி-யில இருந்து எடுப்பம்" என்று கையைத் தூக்கினார். பி என்பது ஒத்திகைக் குறி, எங்கிருந்து திரும்பப் பாடுவது என்று காட்ட இசைத்தாளில் போடுகிற எழுத்து. சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்) சரியாக எடுத்தது. ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) ஒரு பார், அதாவது தாளில் இரண்டு நேர்க்கோட்டுக்கு இடையிலான ஒரு கட்டம், பிந்தி வந்தது. மூன்று தரமும் அதே கூத்து. அவர் ஏசத் தொடங்க, ஓர் அக்கா தாளை என் பக்கம் நீட்டினா. "தம்பி, இதில பி எங்க நிக்குது எண்டு ஒருக்கா பாருங்கோ."

பெட்டிக்குள் இருந்த பி, தன் பார் கோட்டை விட்டு நழுவி அடுத்த கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது. தாளை அடித்தவன் நான்தான்.

இசைத்தாள் அடிக்கிற மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் கன்ட்ரோல்-எம் அடித்தால் ஒத்திகைக் குறி வந்துவிடும். அது தன் பாரோடு ஒட்டியே இருக்கும். ஆனால் எனக்கு, பாட்டின் வேகத்தைக் காட்டுகிற வேகச் சொல்லுக்குப் பக்கத்தில் நெருக்கமாகத் தெரிந்தது. மவுஸால் வலப்பக்கம் இழுத்துவிட்டேன். பிறகு ஃபோட்டோகொப்பிக் காசை மிச்சம் பிடிக்க, இரண்டு பக்கத்தை ஒரு பக்கமாக நெருக்கினேன். பார்கள் ஒடுங்கின, நான் இழுத்த தூரம் அப்படியே இருந்தது. பிறகென்ன, பி பக்கத்து வீட்டு வாசலில்.

அதனால் நான் சொல்வது இதுதான்: ஒத்திகைக் குறியை மவுஸால் நகர்த்தாதீர்கள். இடம் பிடிக்கவில்லை என்றால் மென்பொருளின் ஸ்டைல் அமைப்பில் போய் மாற்றுங்கள், எல்லாக் குறியும் சேர்ந்து நகரும். வேகச் சொல்தான் இடறுகிறதென்றால் அதை நகர்த்துங்கள். வேகச் சொல் கொஞ்சம் தள்ளி நின்றால் ஒருவரும் பிந்தி வரப்போவதில்லை.

லிலிபாண்ட் என்ற இன்னொரு இசைத்தாள் மென்பொருளில் எழுதுகிறவர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது. குறிகளை சோப்ரானோ வரிக்குள்ளேயே எழுதிவிட்டு ஆல்டோவுக்குத் தனித்தாள் எடுத்தால், அதில் ஒரு எழுத்தும் இருக்காது. குறிகளைத் தனியாக ஒரு இடத்தில் எழுதி எல்லாத் தாளுக்கும் சேர்க்க வேண்டும். அந்த மென்பொருள் ஐ (I) என்ற எழுத்தை வழமையாகவே தாண்டிவிடும், பழைய அச்சுக்காரர்களின் வழக்கம் அது. நல்ல வழக்கம்தான், ஒன்றா ஐ-யா என்று தடுமாறத் தேவையில்லை.

இன்னொன்று, எட்டு பாருக்கு ஒரு எழுத்து என்று அளந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது எரிச்சல். மூச்செடுத்துப் புது அடி தொடங்கும் இடம்தான் எழுத்துக்குரிய இடம். மாஸ்டர் நிறுத்துவதும் திரும்ப எடுப்பதும் அங்கேதான்.

இந்த முறை எல்லாத் தாளையும் திரும்ப அடித்துவிட்டேன், ஒரு குறியும் நகரவில்லை. ஆனால் மேலே ஃபேன் சுற்றும்போது பி என்றாலும் டி என்றாலும் பின்வரிசை டெனர்மாருக்கு (ஆண்களின் மேல்குரல்) ஒரே மாதிரித்தான் கேட்கிறதாம். அதற்கு எந்த ஸ்டைலில் போய் என்ன மாற்றுவது?