கியூஎல்இடி வேறு, ஓஎல்இடி வேறு

"கியூஎல்இடியும் ஓஎல்இடியும் ஒன்றுதான், கம்பெனிக்கு ஒரு பெயர்" என்று டிவி வாங்குவோரிடம் சொல்வது தவறு. கடையில் விற்கும் கியூஎல்இடி டிவி, எல்சிடி பேனல்தான். பின்னால் நீல எல்இடி விளக்கு, நடுவே அந்த ஒளியில் ஒரு பகுதியைத் தூய சிவப்பு, பச்சையாக மாற்றும் குவாண்டம் டாட் (மிக நுண்ணிய ஒளிர் துகள்கள்) படலம். ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. 4கே திரையின் சுமார் 83 லட்சம் பிக்சலும் தனித்தனியாக எரிந்து அணையும். கருப்பு முழுக் கருப்பாக இருப்பது அதனால்தான். எல்சிடியில் வெளிச்சம் கசியும்; இருட்டறையில் சினிமா பார்த்தால் மேலும் கீழும் வரும் கரும்பட்டை சாம்பலாகத் தெரியும். மினி எல்இடி (பின்விளக்கில் மிகச் சிறிய எல்இடிகள் நிறைய உள்ள எல்சிடி) என்றால் டிம்மிங் ஸோன், அதாவது பின்விளக்கைத் தனித்தனியாக மங்கவைக்கக்கூடிய பகுதிகள், எத்தனை என்று கேளுங்கள், விற்பவர் தானாகச் சொல்லமாட்டார். ஆனால் வெயில் விழும் ஹாலில் பகல் முழுக்கச் செய்திச் சேனல் ஓடுமென்றால் ஓஎல்இடி வேண்டாம்: அசையாத லோகோ நாளடைவில் திரையில் தடமாகப் பதிந்துவிடலாம்.