ரெடிமேட் ஃபைல் எல்லா காருக்கும் ஒத்துவராது

இன்டேக்கும் (காற்று உள்ளே போகும் குழாய்) டவுன்பைப்பும் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) மட்டும் மாற்றிய டர்போ காருக்கு ரெடிமேட் டியூனே, அதாவது பொதுவாக எழுதிவைத்த எஞ்சின் செட்டிங் ஃபைலே போதும், அந்தக் காருக்கென்றே எழுதும் கஸ்டம் டியூன் வீண் செலவு என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. இன்டேக் மாற்றும்போது உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உட்காரும் குழாய் பழையதைவிட அகலமாகிவிட்டால், சென்சார் காற்றைக் குறைத்துச் சொல்லும், எஞ்சின் கணினியான ஈசியூவும் அதை நம்பி பெட்ரோலைக் குறைக்கும், ஃபுல் த்ராட்டிலில் கலவை லீனாகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாது, அப்புறம் நாக்கிங்தான், பெட்ரோல் தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டும். டவுன்பைப் மாற்றினால் டர்போவைக் கட்டுப்படுத்தும் வால்வான வேஸ்ட்கேட்டின் பழைய கணக்கும் உதைக்கும், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) எகிறலாம்.

கஸ்டம் டியூனில் காசு கொடுப்பது ஃபைலுக்கு இல்லை, உங்கள் காரின் லாக் (ஓடும்போது சென்சார்கள் பதிந்த அளவுகள்) பார்த்துத் திருத்துவதற்கு. எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றி ஒரே மிதியாக ரெட்லைன் (எஞ்சின் சுற்றின் உச்சவரம்பு) வரை கொண்டுபோனால் பூஸ்ட், ஏர்-ஃப்யூவல் விகிதம், இக்னிஷன் டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்), உள்ளே போகும் காற்றின் சூடு எல்லாம் வரிவரியாகப் பதிவாகும். அதில் ஒரு சிலிண்டரில் மட்டும் டைமிங் 4 டிகிரி பின்வாங்கியிருந்தால், ஒழுங்கான டியூனர் பூஸ்ட்டைத் தொடமாட்டார், முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்வார். லாக் கேட்காமலே ஃபைல் அனுப்புகிறவரிடம் வாங்குவதற்கு ரெடிமேடே மேல்!

டியூனுக்கு முன்னால் பூஸ்ட் லீக் சோதனையும் (காற்றுக் கசிவு இருக்கிறதா என்று) கம்ப்ரஷன் சோதனையும் (சிலிண்டர்கள் அழுத்தம் பிடிக்கின்றனவா என்று) கட்டாயம். லாக் எடுத்த அதே ஆக்டேன் பெட்ரோலையே பிறகும் ஊற்ற வேண்டும். கிளட்ச் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே? டார்க் (எஞ்சினின் சுழற்று விசை) ஏறியதும் முதலில் வழுக்குவது அதுதான்.